எல்லாக் கதவிலும் ஒரு பை

மும்பை குர்லா ஸ்டேஷனில் ரயில் மாறப் படியேறிக்கொண்டிருந்தபோது எங்கள் கட்டடத்துச் செல்வி அக்கா போனில் அழைத்தார். "சபுரா மாமி போயிட்டாங்க. காலைல தொழுதுட்டுப் படுத்தவங்கதான், எந்திரிக்கவே இல்ல." அலுவலகத்துக்குப் போகாமல் தாராவிக்குத் திரும்பினேன்.

மாமியை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நைட்டி தைக்கும் பட்டறை நடத்தியவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மணமாகி வந்தவர். உரத்த குரல், அதைவிட உரத்த சிரிப்பு. புதுக் கட்டடத்துக்கு நாங்கள் குடிவந்ததும் எல்லாரும் லிஃப்டைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். மாமி மொட்டை மாடிச் சாவியைக் கேட்டார். பழைய சாமான் கடையில் நீல டிரம்கள் வாங்கி, பாதியாக அறுத்து, மண் நிரப்பினார். பாரம் தாங்காமல் கட்டடம் இடிந்துவிடும் என்று பயந்தார் குடியிருப்புச் சங்கச் செக்ரட்டரி. "இடிஞ்சா கீழ இருக்க என் தலையிலதான விழும்? உமக்கு என்ன?" என்றார் மாமி.

மழைக்காலத்தில் கத்தரியும் வெண்டையும் காய்த்தன. பந்தலில் புடலை இறங்கியது. வெள்ளிதோறும் காலையில், குழாயில் தண்ணீர் வருமுன், மாமி கட்டடத்தின் எல்லாக் கதவுகளிலும் பை மாட்டிவிடுவார். மிஞ்சிய நைட்டித் துணியில் தைத்த பூப்போட்ட பைகள். வசதியான வீட்டுக்கு நாலைந்து மிளகாய், ஒரு கொத்துக் கறிவேப்பிலை. கஷ்டப்படும் வீட்டுப் பை மட்டும் கனக்கும். ஏன் எல்லாருக்கும் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏளா, ரெண்டு வாசல்ல மட்டும் தொங்கினா அது தர்மம். எல்லா வாசல்லயும் தொங்கினா அது காய்கறி."

செல்வி அக்காவின் கணவருக்குத் தோல் பட்டறையில் கை நசுங்கி வேலை போனபோது, அவர்கள் கதவிலும் கனமான பை தொங்கத் தொடங்கியது. யாரிடமும் எதுவும் வாங்காதவர் அக்கா. எல்லாருக்கும் அப்படித்தான் என்று நம்பி எடுத்துக்கொண்டார். ஒரு வெள்ளியன்று அவருடைய மகள் தவறுதலாகப் பக்கத்து வீட்டுப் பையை எடுத்துவந்தாள். உள்ளே மிளகாய் மட்டும்.

அக்கா இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்து நின்றார். "நான் கேட்டனா மாமி? இனிமே என் கதவுல மாட்டாதீங்க."

மாமி தைப்பதை நிறுத்திவிட்டு எழுந்தார். அக்கா வீட்டில் இரண்டு பிள்ளைகள் பசியோடு இருப்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

துணி கொடுக்க வந்திருந்த அந்தப் பக்கத்து வீட்டுப் பார்வதி சட்டென்று, "எனக்குப் போன வாரம் ஒரு மூட்டையே வந்துச்சுல்லா. பாகற்காய்க் குழம்பு வச்சே கை ஓஞ்சு போச்சு" என்றார்.

"எங்க வீட்டுல தினமும் பூசணிக்காதான்" என்றார் மெஷினில் இருந்தவர்.

"எங்களுக்கு முட்டைக்கோஸ்!" இது வாசலில் நின்ற செக்ரட்டரி.

அக்கா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "மாடியில ஏது முட்டைக்கோஸ்? ஒழுங்கா ஒரு பொய் சொல்லத் தெரியுதா உங்களுக்கு?" சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணீரும்தான்.

"பாத்தியளா, அங்க என்ன விளையுதுன்னு இவ ஒருத்திக்குத்தான் தெரிஞ்சிருக்கு" என்றார் மாமி. "நாளைக்கு மேல வா. எனக்கு முட்டி வலிக்கு. யாருக்கு எவ்வளவுன்னு நீயும் சொல்லு."

அக்கா போனார். அதன்பின் பைகளை நிரப்பியவர்கள் இருவர். கணவருக்கு மறுபடி வேலை கிடைத்த வாரம், அக்கா தன் பையில் மிளகாயை மட்டும் போட்டு மாமியிடம் உயர்த்திக் காட்டினாராம். அன்று பட்டறையில் எல்லாருக்கும் மாமி செலவில் டீயும் சமோசாவும். "என்ன விசேஷம் மாமி?" என்றதற்கு, "செல்வி வீட்டுப் பை இளைச்சுப் போச்சு!" என்று கைதட்டிச் சிரித்தார்.

மாலையில் மாமியைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கிச் சென்றார்கள். பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை. நாங்கள் மொட்டை மாடிக்கு ஏறினோம். கீழே கைவண்டிகள் ஒதுங்கி வழிவிட்டன. பச்சைத் துணி போர்த்திய சந்தூக்கைத் தாங்கிய கைகளில், விரல் மடங்காத ஒரு கையும் இருந்தது. செல்வி அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருமுனை திரும்பி அது மறைந்ததும் முந்தானையை இடுப்பில் செருகினார்.

"வெண்டைக்கா முத்துது. பறிக்க வாங்க."

ஆளுக்கொரு டிரம்மாகக் குனிந்தோம். மாமி, இந்த வருடம் காய்ப்பு அதிகம். எங்களுக்குக் கை நிறைய வேலை இருக்கிறது. நீங்கள் நிம்மதியாக உறங்குங்கள்.