பின்னால் இருப்பவளுக்கான மீற்றர்

மோட்டார் சைக்கிளுக்கு வேகம் காட்டுகிற மீற்றர் வாங்குகிறவன் தன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரித்தான் வாங்குவான். நான் வாங்கியது பின்னால் இருக்கிறவளுக்குத் தெரிகிற மாதிரி. அதைக் கேட்டுச் சிரிக்காத கடைக்காரன் திருகோணமலையில் ஒருவனும் இல்லை.

காரணம் என் மனைவி. அதற்கு முந்தின வருடம் குறிஞ்சாக்கேணிப் பக்கம் ஒரு வளைவில், வீதியில் பரந்து கிடந்த மணலில் பைக் சறுக்கி இருவரும் விழுந்தோம். எனக்குத் தோல் உரிந்ததோடு சரி. அவளுக்கு முழங்கால் போய்விட்டது. தகடு வைத்து, கட்டுப்போட்டு, ஊன்றுகோலோடு வீட்டுக்குள்ளேயே மாதக்கணக்காக உலாவி, ஒருவழியாக நடக்கத் தொடங்கினாள். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து வீட்டில் ஒரே வழக்குத்தான்.

"அண்டைக்கு எத்தினையிலை ஓடினனீங்கள்?"

"நாப்பது."

"பொய். எண்பது."

"நாப்பதெண்டு சொல்லுறன், பிறகும் பிறகும் கேட்டால்?"

"மீற்றர் காட்டினதோ?"

எங்கே காட்டுவது? பழைய மீற்றரின் கேபிள் அறுந்து கனகாலம். முள் பூச்சியத்திலேயே படுத்துக் கிடந்தது. நான் நாற்பதில் ஓடியது கடவுளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். கடவுள் எங்கள் வீட்டுக்குச் சாட்சி சொல்ல வரவில்லை.

அவளுடைய தமக்கை ஈச்சிலம்பற்றில் இருக்கிறார். தமக்கையின் மகளுக்குப் பிள்ளை பிறந்து, அது தவழவும் தொடங்கிவிட்டது. இவள் போனில் படம் பார்த்ததோடு சரி. பஸ்ஸில் நின்றுகொண்டு போக முழங்கால் விடாது. அவ்வளவு தூரம் ஓட்டோ பிடித்தால் குலுக்கலில் தகடே கழன்றுவிடும் என்பாள். மிஞ்சுவது என் பைக்தான். நெடிய, உயர்ந்த, காடு மேடெல்லாம் ஏறி இறங்கக்கூடிய அட்வென்ச்சர் பைக். அதை வாங்கியதே இவளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகத்தான். துறைமுகத்துக் களஞ்சியத்தில் பகல் முழுக்கப் பெட்டி எண்ணுகிற எனக்கு வேறென்ன சந்தோசம் இருக்கிறது? இனி இவள் என் பின்னால் ஏறுவாளா, மாட்டாளா? அந்த வருடம் முழுக்க எனக்கு இருந்த கேள்வி அது ஒன்றுதான்.

கடைசியில் ஒருநாள் இறங்கி வந்தாள். நிபந்தனையோடுதான்.

"புது மீற்றர் பூட்டுங்கோ. நம்பர் பெரிசாத் தெரியவேணும். நான் பின்னாலை இருந்து பாப்பன். நாப்பதுக்கு மேலை ஒண்டு காட்டினாலும் அந்த இடத்திலையே இறங்கிடுவன். பிறகு என்னைக் கூப்பிடக்கூடாது."

"ஓம்" என்றேன். எவ்வளவு சுகமான வேலை என்று நினைத்துவிட்டேன், பாருங்கள்.

என் பைக்குக்கு உரிய மீற்றர் நாட்டிலேயே இல்லை. வெளியிலிருந்து எடுப்பித்தால் பைக்கில் பாதியை மறுபடி வாங்கின மாதிரி. ஆகவே டிஜிட்டல், எந்த பைக்குக்கும் பொருந்தும் என்று பெட்டியில் எழுதியிருக்கிற சாமான். அந்த வசனத்தை எழுதினவனை நான் ஒருமுறை நேரில் பார்க்கவேண்டும். ஒன்றுக்கு வயர் கட்டை. ஒன்றுக்குக் கேபிளின் தலை பொருந்தவில்லை. ஒன்றுக்கு முன்சில்லில் காந்தம் ஒட்டவேண்டும் என்றார்கள். ஒட்டினோம். முதல் பள்ளத்திலேயே அது எங்கோ தெறித்துப் போய்விட்டது.

ஒருபடியாக ஒன்றைப் பூட்டினால் கறுப்புத் தட்டில் நீல எழுத்து. கடைக்குள் நகைக்கடை விளக்கு மாதிரி இருந்தது. வெளியே கொண்டுவந்தால் எங்கள் ஊர் வெயிலில் ஒன்றுமே இல்லை. கையால் மறைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கவேண்டும். அடுத்ததை உள்துறைமுகப் பக்கம் இரண்டு முறை கொண்டுபோய் வந்தேன். கண்ணாடிக்கு உள்ளே வியர்த்துவிட்டது. திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரன், "உப்புக்காத்துக்குக் கொண்டு போனீங்களா?" என்று கேட்கிறான். திருகோணமலையில் உப்புக்காற்று இல்லாத இடம் எது என்று நான் கேட்ட சத்தத்துக்கு முன்கடைக்காரர்கள் வெளியில் வந்து பார்த்தார்கள்.

கடைசியாகக் கிண்ணியாக்காரர் ஒருவரின் பார்ட்ஸ் கடையில் ஒன்று அகப்பட்டது. வெள்ளைத் தட்டு, கறுப்பு எழுத்து, நம்பர் ஒவ்வொன்றும் பெருவிரல் அளவு. ஆனால் வாங்க முதல் அவள் பார்க்கவேண்டுமே. கூட்டிக்கொண்டு போனேன். கடை வாசலில், வீதி ஓரம், பைக் ஸ்டாண்டில் நிற்க, நான் முன்னால், அவள் பின்னால். கடைக்காரர் மீற்றரைக் கையில் தூக்கிப் பிடித்தபடி எங்களுக்கு முன்னால் ஒவ்வொரு இடமாக நகர்கிறார்.

"தெரியுதா அக்கா?"

"இல்லை. இவரின்ரை தலை மறைக்குது."

"இப்ப?"

"இப்ப இவரின்ரை தோள் மறைக்குது."

"அண்ணன், நீங்க கொஞ்சம் குனிங்க."

"குனிஞ்சுகொண்டே ஈச்சிலம்பற்றுக்குப் போறதோ?" என்று கத்தினேன். தேத்தண்ணிக் கடையில் நின்றவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். போதாததற்கு ஒருவர் வந்து, "படம் எடுக்கிறீங்களோ?" என்று விசாரித்துவிட்டுப் போனார். ஒரு மனிதன் தன் மனைவியைப் பைக்கில் ஏற்றப் படுகிற பாடு இது என்று யாருக்குத் தெரியும்.

இடப்பக்க ஹாண்டிலில் ஒரு தகட்டை நீட்டி, மீற்றரை வெளியே தள்ளிப் பூட்டியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. எனக்குக் கழுத்தைத் திருப்பினால்தான் தெரியும். அது யாருக்கு வேணும்? பெட்டிக்குள் இருந்த விளக்கத்தாள் முழுவதும் சீன எழுத்து. கடைக்காரர் இரண்டு பொத்தானையும் மாறி மாறி அமர்த்திச் சில்லின் அளவைக் கொடுத்தார். "இனி ஒன்டும் யோசிக்காதீங்க அண்ணன், சரியாக் காட்டும்" என்றார். யோசிக்கவில்லை. யோசித்து யோசித்து எனக்கு அலுத்துப்போயிருந்தது.

லிங்கநகர் ஒழுங்கைகளில் இரண்டு நாள் அவளை ஏற்றிச் சுற்றிக் காட்டினேன். மாடு, நாய், பள்ளம், எதிரே வரும் ஓட்டோ. பத்து, பன்னிரண்டு என்று மீற்றர் காட்டியது. அவளுக்குத் திருப்தி. ஞாயிற்றுக்கிழமை போவோம் என்றாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

ஞாயிறு காலை புறப்பட்டோம். பிள்ளைக்கு வாங்கின சட்டை இருந்த பை அவள் மடியில். ஒரு கை பின்னால் இருந்த கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. நகரத்தைத் தாண்டி வீதி விரிந்ததும் காதுக்குள் வாசிக்கத் தொடங்கினாள்.

"முப்பத்தஞ்சு... முப்பத்தெட்டு... நாப்பது. போதும். இதிலையே பிடியுங்கோ."

அதிலேயே பிடித்தேன். கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது காற்று என் சட்டைக்குள் புகுந்து ஊதித் தள்ளியது. நாற்பதில் இவ்வளவு காற்றா என்று ஒருகணம் தோன்றியதுதான். ஒரு வருடமாக ஊர்ந்து ஊர்ந்து ஓடினவனுக்கு நாற்பதும் வேகமாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளோ நல்ல குணத்தில் இருந்தாள்.

"பாத்தீங்களோ? இப்பிடி ஓடினா என்ன குறைஞ்சு போகும்? எனக்கு ஒரு பயமும் இல்லை."

சொல்லிவிட்டுக் கம்பியில் இருந்த கையை எடுத்து என் தோளில் வைத்தாள். விழுந்த நாளுக்குப் பிறகு முதல் தடவை. கண் கலங்கியது. காற்றால் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் காற்றால் இல்லை.

பாலம் தாண்டி மூதூருக்குப் போகிற வழியில், வீடுகள் நெருங்கிய ஓர் இடத்தில், மர நிழலிலிருந்து பொலிஸ்காரர் ஒருவர் கையை நீட்டினார். நிறுத்தினேன்.

"ஐயா, இதுக்குள்ளை அம்பதுதான். நீங்க அறுபத்திநாலிலை வந்திருக்கிறீங்க."

நான் வாய் திறக்க முதல் அவள் இறங்கிவிட்டாள். காலை இழுத்து இழுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, என்ன விசர்க்கதை கதைக்கிறீங்கள்? நான் ஒரு நம்பர் விடாமல் பாத்துக்கொண்டு வாறன். நாப்பது! அதுக்கு மேலை ஒரு சொட்டும் போகேல்லை. உங்கடை மெசினிலைதான் பிழை. முதல்லை அதைத் திருத்திப்போட்டு வந்து ஆக்களை மறியுங்கோ!"

நான் அசந்துபோனேன். கலியாணம் கட்டிய காலம் தொட்டு, நாலு பேருக்கு முன்னால் அவள் என் பக்கம் நின்று கதைத்தது கிடையாது. இந்த மனிசன் பொய் சொல்லாது என்றுகூடச் சொன்னாள். அபராதம் எவ்வளவு என்றாலும் கட்டலாம், இந்தக் கதையைக் கேட்டதே போதும் என்றிருந்தது.

பொலிஸ்காரர் நல்ல மனிதர். கோபப்படவில்லை. தன் கருவியைக் காட்டினார். அவள் அதைப் பார்க்க மாட்டேன் என்றாள். அவர் குனிந்து என் மீற்றரைப் பார்த்தார். நம்பருக்குக் கீழே, எறும்பு மாதிரி மூன்று எழுத்து இருந்தது. என் கண்ணாடி போடாத கண்ணுக்கு அது எழுத்தாகவே தெரிந்ததில்லை.

"அம்மா, இது மைல்."

"என்ன மைல்?"

"மைல் கணக்கிலை காட்டுது அம்மா. மைலிலை நாப்பதெண்டா கிலோமீற்றரிலை அறுபத்திநாலு. நீங்க பாத்ததும் சரி, எங்கடை மெசினும் சரி."

அவள் என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தை எனக்கு மறக்க ஏலாது.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"சத்தியமாத் தெரியாது."

"நான் ஒரு பொலிஸோடை வாய்க்கு வந்தபடி கதைச்சனான். உங்களுக்காண்டி."

"இஞ்சரும், நானும் ஏமாந்தனான்தானே. கடைக்காரன்..."

"அண்டைக்கும் நாப்பதெண்டுதானே சொன்னனீங்கள்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு எங்கே வாய் நிற்கும்? "ஆனா பயமில்லையெண்டு நீர்தானே சொன்னனீர்" என்றேன். அறுபத்திநாலிலும் பயப்படாமல்தானே இருந்தாள், அதில் என்ன பிழை என்று அந்த நேரத்தில் எனக்குப் பட்டது. அவள் சட்டைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீதி ஓரத்துக்குப் போனாள்.

தண்டப் பத்திரம் எழுதி முடிய முதல் பஸ் ஒன்று வந்தது. கையைக் காட்டினாள்.

"முழங்காலோடை நீர் பஸ்ஸிலை நிக்க ஏலாதப்பா!"

"நிண்டு போறன். உங்கடை பின்னாலை இருக்கிறதிலும் பாக்க அது சுகம்."

கொண்டக்டர் கைகொடுத்து இழுத்து ஏற்றினார். பஸ் போய்விட்டது. பொலிஸ்காரர் என் முகத்தைப் பார்க்காமல் பத்திரத்தைத் தந்தார்.

ஆத்திரத்தில் அந்த மீற்றரின் பொத்தானை விரலால் குத்தி அமர்த்திப் பிடித்தேன். மைல் போய்க் கிலோமீற்றர் வந்தது. அவ்வளவுதான். மாதக்கணக்காகக் கடை கடையாக ஏறி இறங்கி, தலை மறைக்குது தோள் மறைக்குது என்று வீதியில் கூத்தாடி, கடைசியில் ஒரு பொத்தான். யாரைத் திட்டுவது? வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அது பொதுவாக எல்லாருக்கும்.

பிறகு பஸ்ஸைத் துரத்தினேன். அவள் நிற்கிறாளா, யாராவது இடம் கொடுத்தார்களா என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூதூர் தாண்டித்தான் அதன் பின்பக்கம் கண்ணில் பட்டது. கிட்டப் போகப் பார்க்கிறேன், போக முடியவில்லை. கழுத்தைத் திருப்பி மீற்றரைப் பார்த்தேன். எழுபத்திரண்டு. பஸ் இன்னும் முன்னால் போகிறது. எண்பது. அது வளைவில் ஒரு பக்கம் சாய்ந்து, எதிரே வந்த லான்ட்மாஸ்டர் உழவு மெசினை மயிரிழையில் விலத்தி, ஹோர்ன் அடித்தபடி பறக்கிறது. எண்பத்தாறு. பின்கண்ணாடியில் அவளுடைய தலை தெரிந்தது. யாரோ இடம் கொடுத்திருந்தார்கள், புண்ணியவான்கள். அவள் என்னை எந்த வேகத்தில் ஓடவேண்டாம் என்று சொன்னாளோ அந்த வேகத்தில் நான் அவளுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். மெதுவாப் போடா, மெதுவாப் போடா என்று ஹெல்மெட்டுக்குள் கத்தினேன். அந்த டிரைவருக்கு எங்கே கேட்கும்?

ஈச்சிலம்பற்றுச் சந்தியில் இறங்கினாள். முகத்தில் கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது. ஒரு குட்டித் தூக்கம்கூடப் போட்டிருக்கிறாள் போல, கண் சிவந்திருந்தது.

"எவ்வளவு மெதுவா, ஆறுதலாக் கொண்டுவந்து விட்டவன், தெரியுமோ? தங்கமான டிரைவர். இனி நான் இதிலைதான் வந்துபோறது."

எண்பத்தாறு என்ற சொல் என் தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் இனிப் பஸ்ஸிலும் ஏற மாட்டாள். பழையபடி வீட்டுக்குள்ளே, போனில் பிள்ளையின் படத்தோடு. அவளை எனக்குத் தெரியாதா? விழுங்கினேன்.

"என்ன முழுசுறீங்கள்? நீங்கள் எத்தினையிலை வந்தனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ."

"நாப்பது" என்றேன். "கிலோமீற்றர்."

அவள் பஸ் போன பக்கத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பஸ்ஸுக்குப் பின்னாலை, அதோடை ஒட்டித்தானே வந்தனீங்கள்?"

"ஓம்."

"பாத்தீங்களோ? அவ்வளவு பெரிய பஸ்ஸை, அவ்வளவு சனத்தோடை, அந்தப் பொடியன் நாப்பதிலை கொண்டுவந்து சேர்த்துப்போட்டான். உங்களுக்கு ஒரு மோட்டச்சைக்கிளை ஓடத் தெரியேல்லை."