நாய்க்கு லிஃப்ட், எனக்கு இரண்டு ஆப்பு

போன மாதம் எங்கள் அடையாறு அபார்ட்மென்ட்டில் ஒரு பெரிய கேள்வி எழுந்தது. லிஃப்டில் நாய் ஏறலாமா, கூடாதா?

நாய் மூன்றாவது மாடி ரேவதியுடையது. பெயர் பிஸ்கட். கடித்துவிடும் என்று பயந்து, கூடவே கூடாது என்றவர் எங்கள் செக்ரட்டரி பத்மநாபன், பேங்கில் ரிட்டயரானவர். எழுத்தாளன் என்ற குற்றத்துக்காக, கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று மினிட்ஸ் எழுதும் வேலை எனக்கு. எப்படி எழுதினாலும், "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று இரண்டு பேராவது வந்து நிற்பார்கள்.

"இனிமே ஏஐ எழுதட்டும் சார்" என்றார் பத்மநாபன்.

அவர் ஒரு ஆப் கொண்டுவந்தார். ரேவதி வேறொன்று. இரண்டும் நாய் பற்றிய அடுத்த கூட்டத்தைக் கேட்டு எழுதின. அவருடைய ஆப்பின்படி நாய்க்குத் தடை. ரேவதியின் ஆப்பின்படி அனுமதி. எது நல்ல ஆப் என்று நான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம்... யாரைத் தோற்கடித்தாலும் அவர் அப்புறம் என் முகத்தில் விழிக்க மாட்டார்.

விசாரித்தேன். பத்மநாபன் போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். அதற்கு அவர் குரல் மட்டும்தான் தெளிவாகக் கேட்டிருக்கிறது. ரேவதியோ, "நாய்க்கு சாதகமா என்னென்ன பேசினாங்க?" என்று ஆப்பிடம் கேட்டு வாங்கியிருந்தார். இதில் ஆப் மேல் என்ன தப்பு?

ஒரே பதிவு, ஒரே கேள்வி, எதை எந்த ஆப் எழுதியது என்று எனக்குத் தெரியக்கூடாது — அப்படியென்றால்தான் தீர்ப்பு என்று சொல்லிவிட்டேன். அதற்காகவே இன்னொரு கூட்டம் போட்டோம். மேஜை நடுவில் என் போன்.

"எல்லாம் ரெக்கார்ட் ஆகும்" என்றேன்.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தார்.

"ரேவதி மேடம் சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்றார் பத்மநாபன், போனைப் பார்த்து.

"அங்கிள் பயப்படறதும் புரியுது" என்றார் ரேவதி. அவரும் போனைப் பார்த்துத்தான்.

வாட்ச்மேன் ஏழுமலை கதவருகே எட்டிப் பார்த்தார். "இன்னா சார், சத்தமே காணோம்... மீட்டிங் கேன்சலா?"

முடிவும் வந்தது. லிஃப்ட் காலியாக இருந்தால் நாய் ஏறலாம். ஆள் இருந்தால் கேட்டுவிட்டு பிஸ்கட்டை ஏற்றலாம்.

என் மனைவி அந்தப் பதிவை இரண்டு ஆப்புக்கும் கொடுத்து, அவை எழுதியதைப் பெயரை மறைத்து பிரின்ட் எடுத்துக் கொடுத்தாள். ஒன்று தப்பே இல்லாமல் இருந்தது. மற்றது, 'லிஃப்டில் ஆள் இருந்தால், அவர் அனுமதியுடன் மட்டுமே பிஸ்கட் எடுத்து வரலாம்' என்றது.

தீர்ப்புச் சொல்ல வாயெடுத்தேன். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் வேலை பார்க்கும் ரேவதியே தடுத்துவிட்டார்.

"இந்த டெஸ்ட் செல்லாது அங்கிள். நம்ம மீட்டிங்ல எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவோம். அதை எந்த ஆப் ஒழுங்கா எழுதுதுன்னு பாக்கவே இல்லையே."

நியாயம்தானே? ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் ரோட்டில் ஓட்டிப் பார்த்து, தி.நகர் நெரிசலுக்கு வண்டி வாங்க முடியுமா?

"அப்ப மறுபடியும் சண்டை போடணுமா?" என்றேன்.

பத்மநாபன் அவசரமாகக் கையை ஆட்டினார். "வேணாம் சார். ஆப்பை விடுங்க. உங்க போன் மட்டும் மேஜை நடுவுல அங்கயே இருக்கட்டும்."

இப்போது ஒவ்வொரு கூட்டத்திலும் மேஜை நடுவே என் போன் இருக்கிறது. அதில் சார்ஜ் இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை... நானும் சொன்னதில்லை.