குழந்தை அழும் நேரம்

தெருவில் எல்லோரும் அவளைக் கொசு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நகராட்சி சுகாதாரப் பிரிவில், வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிகளில் கொசுப் புழு இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. சமையலறை வரைக்கும் போகிற வேலை. எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எந்த வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது என்பதெல்லாம் கேட்காமலே காதில் விழும். விழுந்ததை வெளியே விடமாட்டாள். அவள் வயிற்றுக்குள் ஒரு தெருவே குடியிருக்கிறது என்று கணவர் கிண்டல் செய்வார். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பள்ளிப் பிள்ளைகளுக்கு சிகரெட் விற்பதைத் தடுக்க நகராட்சி முனைந்தபோது, அந்தப் பொறுப்பும் அவள் தலையில் வந்து விழுந்தது. கடை கடையாகப் போய் அறிவிப்பு ஒட்டினாள். அவளைக் கண்டதும் கடைக்காரர்கள் எல்லோரும் உத்தமர்களாகிவிட்டார்கள். ஆனால் பள்ளிக்குப் பின்னால் இருந்த சந்தில் சிகரெட் துண்டுகள் குறைந்தபாடில்லை. கடைசியில் அதிகாரி ஒரு வழி சொன்னார். பதினெட்டு வயது ஆகாத ஒருவரையே வாங்க அனுப்புவது; கொடுத்தால் கடைக்கு ஒரு மாதம் பூட்டு.

கொசு அக்கா தன் அக்கா மகளைக் கேட்டாள். பதினோராம் வகுப்பு படிக்கிற பெண். வீட்டிலும் சம்மதித்தார்கள். வயதைக் கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும், பெரியவள் மாதிரி உடுத்திக்கொள்ளக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். முதல் சுற்றில் எல்லாக் கடையிலும் வயதைக் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். அதிகாரி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஒருவர்கூட மாட்டவில்லை என்றால் சோதனையே நடக்கவில்லை என்று மேலிடத்தில் சொல்வார்களாம்.

"நீங்க தெருத்தெருவா அலையறவங்க. எங்க, எப்பப் போனா மாட்டுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியும். பள்ளிக்குப் போகிற திருப்பத்தில் ஒரு பெட்டிக்கடை. அதை ஒட்டியே வீடு. மதியத்துக்குப் பிறகு கணவன் சரக்கு எடுக்கப் போய்விடுவான். மனைவி பல் முளைக்கிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடையையும் பார்ப்பாள். தொட்டி மூடியைத் திறந்துகொடுக்கும்போது அவளே சொன்னதுதான் இது. அந்த நேரத்தில் குழந்தை வீறிட்டு அழும், யார் என்ன கேட்கிறார்கள், தான் என்ன கொடுக்கிறோம் என்றே புரிவதில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

கொசு அக்கா அந்த நேரத்தைச் சொன்னாள். சொல்லும்போது நாக்கு கூசத்தான் செய்தது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

எதிர்ச்சாரியில் வண்டி மறைவில் நின்றார்கள். அக்கா மகள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். ஒரு கையில் சிகரெட் பாக்கெட், இன்னொரு கையில் ஒரு மிட்டாய்.

"இதை நான் கேக்கல சித்தி. வெயில்ல வந்திருக்கியேன்னு அவங்களே குடுத்தாங்க."

அதிகாரி சாலையைத் தாண்டிப் போய்க் கடையில் நின்று பேசினார். கடைக்காரி மிரண்டுபோய்ப் பார்த்தாள். அவர் பின்னால் கொசு அக்காவைக் கண்டதும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"அக்கா, நீங்க சொல்லுங்க இவர்கிட்ட. என்னைத் தெரியுமில்ல உங்களுக்கு?"

கொசு அக்கா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது.

கடை பூட்டப்பட்டது. இனிமேல் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று அக்கா மகள் சொல்லிவிட்டாள். "நான் பொய்யே சொல்லல சித்தி. ஆனா சொன்ன மாதிரியே இருக்கு." அதன் பிறகு அவள் வீட்டுப் பக்கமே வரவில்லை. கொசு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கணவர் கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் காலையில் கடைக்காரியின் வீட்டுக்குப் போனாள். கடை பூட்டிக் கிடந்ததால் அவள் கணவன் கூலிக்கு மூட்டை தூக்கப் போயிருந்தான். கடைக்காரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நேரத்தைச் சொல்லிக்கொடுத்தது தான்தான் என்பதைக் கொசு அக்கா மென்று விழுங்காமல் சொன்னாள். கடைக்காரி தலை நிமிரவில்லை.

"குழந்தை அழுததால குடுத்தேன்னு நினைக்கிறீங்களா? அப்பாவுக்குன்னு சொல்லி எத்தனையோ பசங்க வாங்கிட்டுப் போயிருக்காங்க. யாருக்குன்னு எனக்குத் தெரியாதா என்ன?"

கொசு அக்காவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. தப்பு தன்னுடையது மட்டும் இல்லை. அப்படி நினைத்த மறுகணமே, இதற்காகத்தான் வந்தோமா என்று வெட்கமாகிவிட்டது. கடைக்காரி கடைசித் துணியையும் மடித்து வைத்தாள்.

"என் தப்புக்குக் கடையைப் பூட்டினாங்க, சரி. ஆனா வீட்டுக்குள்ள வந்து கேட்டதை நீங்க வெளிய சொல்லியிருக்க வேண்டாம் அக்கா."



மறுநாள் அதிகாரியிடம் போய், இனிமேல் எந்தக் கடைக்கு எப்போது போவது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள், என்னைக் கேட்காதீர்கள் என்று சொன்னாள். அவர் முணுமுணுத்தார், பிறகு ஒத்துக்கொண்டார். மாதம் முடிந்து கடை திறந்தபோது சிகரெட் இருந்த அடுக்கில் சோப்புக் கட்டிகள் இருந்தன. சந்தில் பையன்கள் கூடுவதும் குறைந்தது. நகராட்சிக் கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள்.

அக்கா மகள் மெல்ல மெல்ல மறுபடியும் வர ஆரம்பித்தாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது அந்தப் பாராட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், கொசு அக்கா ஏதோ வேலை இருப்பது போல எழுந்து உள்ளே போய்விடுவாள்.