ரிஃப்ரெஷ் செய்யாத இரண்டு நாள்

எங்கள் தோட்டத்தில் இணையப் பக்கம் ஒன்றை ரிஃப்ரெஷ் செய்வதென்றால் மேடேற வேண்டும்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயம் பள்ளத்தில் இருக்கிறது. சுற்றிலும் ரப்பர் மரங்கள். வீட்டுக்குள் கைப்பேசியில் ஒரு கோடுகூட விழாது. மேலே பிள்ளைக் காம்பரா இருக்கிறது. வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடம். அதன் விறாந்தையில் இடது மூலையில் நின்றால் நாலு கோடும் விழும். அதனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். வேண்டியதை மேலே போய்த் திறப்பார்கள், திறந்ததை மூடாமல், தொடாமல் கீழே கொண்டுவந்து படிப்பார்கள். பக்கத்து வீட்டுச் சித்தி ஒரு கேக் செய்முறையை மூன்று நாள் அப்படியே திறந்து வைத்திருந்தார். படம் எடுக்கக்கூடப் போனைத் தொடவில்லை. மறுபடி மேலே போகிறபோது முதல் வேலை, திறந்திருக்கும் எல்லாவற்றையும் ரிஃப்ரெஷ் செய்வது. சிக்னல் கண்டால் விரல் தானாகப் போகும்.

இந்தப் பழக்கத்தோடுதான் நான் இரத்தினபுரியில் ஒரு சின்ன அலுவலகத்தில் இணையத்தளம் செய்யும் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று மாதம் பயிற்சி. ஒரு கடைக்கு மேல் மாடியில் நாலு மேசை, ஒரு மின்விசிறி. எனக்கு மேலே இருந்தவர் ஒரு சிங்கள அக்கா. வேலை தெரிந்தவர், பொறுமைசாலி. புதிதாக வந்தவர்களுக்குக் கோப்புகளைத் தொட அனுமதி இல்லை. பரீட்சார்த்தமாக ஏற்றிவைத்த தளத்தை உலாவியில் திறந்து, எஃப் பன்னிரண்டை அழுத்தி, டெவலப்பர் டூல்ஸில் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும். என்ன மாற்றினால் சரியாகிறது என்று அங்கேயே மாற்றிப் பார்த்து, கொப்பியில் எழுதி அக்காவுக்கு அனுப்ப வேண்டும். அவர்தான் உண்மையான கோப்பில் போடுவார்.

அந்தக் கருவியைத் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஏதாவது ஒன்றின் மேல் வலது கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுத்தால், அந்தப் பக்கம் எப்படிக் கட்டப்பட்டது என்பது பக்கவாட்டில் திறந்துவிடும். எழுத்தின் அளவு, பெட்டியின் அகலம், நிறம், எல்லாமே எண்ணாகவும் சொல்லாகவும் அங்கே கிடக்கும். ஓர் எண்ணை மாற்றினால் அந்த நொடியே பக்கம் மாறும். ஆனால் மாறுவது என் திரையில் மட்டும். உலகத்துக்குப் பழைய பக்கம்தான். எஃப் ஐந்தை அழுத்தி ரிஃப்ரெஷ் செய்தால் எனக்கும் பழைய பக்கம்தான். முதல் நாளே அக்கா இதைச் சொல்லித் தந்தார். "ஒண்ணு மாத்து, ஒண்ணு எழுது நங்கி. சேத்து வைக்காத," என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி.

எனக்கு மாற்றப் பிடிக்கும். எழுதப் பிடிக்காது. கை ஓடிக்கொண்டிருக்கும்போது பேனாவைத் தேடுவது எரிச்சலாக இருக்கும். கடைசியில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று நினைப்பேன். அலுவலகத்தில் அது பலமுறை பலித்தது.

அந்தச் சமயம் நாங்கள் செய்துகொண்டிருந்தது நகரத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்கான தளம். டாக்டரைப் பார்க்க நம்பர் எடுப்பதை இணையத்துக்கு மாற்றப்போகிறார்கள். அதுவரைக்கும் சனிக்கிழமை முழங்கால் டாக்டருக்கு நம்பர் வேண்டுமென்றால், அம்மா விடியுமுன் முதல் பஸ்ஸைப் பிடித்து வரிசையில் நிற்பார். ரப்பர் பால் வெட்டி வெட்டிச் சரிவில் இறங்கிய முழங்கால் அது. வரிசையில் நிற்க முடியாததற்குத்தான் டாக்டர், டாக்டரைப் பார்க்க வரிசை. இனி போனில் எடுக்கலாம். சிங்களத்தில், ஆங்கிலத்தில், தமிழில்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்கா சொன்னார்: "திங்கட்கிழமை காலையில கிளினிக் மொதலாளி மகாத்தயா தளத்தப் பாக்க வருவார். தமிழ்ப் பக்கம் ரெடி இல்லன்னா, சிங்களமும் இங்கிலீஷும் மட்டும் போடுவோம். தெமள எக்க பஸ்ஸே தாமு."

தமிழைப் பிறகு போடுவோம் என்று. அக்கா அதைக் கெட்ட மனதோடு சொல்லவில்லை. ஆனால் பிறகு போடுவதாகச் சொன்ன தமிழ்ப் பலகை கடைசிவரை வராத அரசாங்கக் கந்தோர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அம்மா சிங்களம் சரளமாகப் பேசுவார், சண்டைகூடப் போடுவார். ஆனால் அதில் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. தமிழ் இல்லையென்றால் அவர் மறுபடியும் முதல் பஸ்தான்.

"நான் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்றேன் அக்கா," என்றேன்.

சனிக்கிழமை காலை அலுவலக லாப்டாப்போடு மேடேறினேன். கைப்பேசியின் இணைப்பில் தமிழ்ப் பக்கங்கள் ஏழையும் ஏழு தாவல்களில் திறந்துவிட்டு, மூடியைப் பாதி சாத்தி, பூசைத் தட்டைப் போல இரு கையிலும் ஏந்திக் கீழே வந்தேன். அதன் பற்றரி ஒரு மணித்தியாலம்தான் தாங்கும். வீட்டில் மின்சாரத்தில் செருகிவிட்டு உட்கார்ந்தேன்.

ஏழு பக்கமும் பரிதாபமாக இருந்தன. வடிவமைப்பு சிங்கள எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்தது. தமிழ்ச் சொற்கள் பெட்டிக்குள் அடங்கவில்லை. வரிகளுக்கு இடையில் இடம் போதாமல் 'கி', 'டி' எல்லாவற்றுக்கும் மேற்சுழி வெட்டுப்பட்டிருந்தது. போன் அளவுக்குத் திரையைச் சுருக்கிப் பார்த்தால் நம்பர் எடுக்கும் பொத்தான் வலது ஓரத்தைத் தாண்டி எங்கோ போயிருந்தது.

அம்மா எட்டிப் பார்த்தார். "என்னாடி இது, எழுத்தெல்லாம் தலை இல்லாம நிக்குது?"

"அதத்தாம்மா தச்சுக்கிட்டு இருக்கேன்."

வரி உயரத்தைக் கூட்டினேன். தலைகள் வந்தன. அகலத்தை விடுவித்தேன். பொத்தானின் சொற்களை இரண்டு வரியாக மடியவிட்டேன். ஒன்று சரியானதும் இன்னொன்று சரியும்; அதைத் தூக்கினால் வேறொன்று. சனி போனது. ஞாயிறு பகலும் போனது. சித்தி வாசலில் நின்று, "ரெண்டு நாளா கண்ணெடுக்காம பாக்குறியே, மாப்பிள்ளை போட்டோவாடி?" என்று கேட்டார். "மாப்பிள்ளைன்னா இந்நேரம் மூடி வச்சிருப்பேன் சித்தி," என்றேன். சிரித்துக்கொண்டே போனார். கழுத்து இறுகிக் கிடந்தது. கொப்பி பக்கத்திலேயே இருந்தது. அதில் தேதி மட்டும் எழுதியிருந்தேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு ஏழு பக்கமும் முடிந்தன. எழுதி முடிக்க ஒரு மணித்தியாலம் எடுக்கும். அதற்கு முன்னால் ஒரு சின்ன ஆசை. அம்மாவின் போனில் இது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். லாப்டாப்பையும் எடுத்துக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு மேலே போனேன். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். விறாந்தையில் உட்காரவைத்து, அவர் போனில் தளத்தைத் திறந்து கொடுத்தேன்.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது முந்தி மாதிரியேதானே இருக்கு? தலையக் காணோமே."

எனக்குச் சுருக்கென்றது. போனில் பழைய பக்கம் தெரியாமல் வேறென்ன தெரியும்? அது எனக்குத் தெரியாததா? இரண்டு நாள் ஒரே திரையைப் பார்த்த களைப்பில், அது என் திரையில் மட்டும் இருக்கும் தையல் என்பதே மறந்துபோயிருந்தது. "இருங்கம்மா, இதுல பாருங்க," என்று லாப்டாப்பை என் பக்கம் திருப்பினேன். கைப்பேசியின் இணைப்பு பிடித்து, திரையின் மூலையில் நாலு கோடும் விழுந்திருந்தன. விரல் எஃப் ஐந்துக்குப் போனது. அடுத்த தாவல், எஃப் ஐந்து. அடுத்தது. ஏழும் முடிகிறவரைக்கும் நான் என்ன செய்கிறேன் என்பது எனக்குப் படவே இல்லை.

பிறகு முதல் தாவலுக்கு வந்தேன். தலையில்லாத எழுத்துகள் வரிசையாக நின்றன.

"என்னாச்சு?" என்றார் அம்மா.

"போயிருச்சு."

"எது?"

"ரெண்டு நாளும்."

அம்மாவுக்கு விளங்கியிருக்காது. அக்காவுக்கு அழைத்துச் சொன்னேன். "அனே நங்கி," என்று அங்கலாய்த்தார். "எழுதலையா?"

"இல்ல அக்கா."

"ஆறு மணிக்கு அனுப்பு. எவ்வளவு இருக்கோ அவ்வளவு நான் போடுறேன். அதுக்குப் பொறகு எனக்கு ஏலாது, புள்ளைக்குக் காய்ச்சல்."

மூன்றரை ஆகியிருந்தது. ஏழு தாவலையும் திறந்தபடியே ஏந்திக்கொண்டு பள்ளத்துக்கு ஓடினேன். அம்மா பின்னால் மெதுவாக வந்தார். நான் காத்திருக்கவில்லை.

இம்முறை ஒன்று மாற்றி ஒன்று எழுதினேன். எழுதுவது அவ்வளவு நேரம் எடுக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆனால் போட்ட எண்கள் நினைவில் இல்லை. வரி உயரம் ஒன்று தசம் ஆறா, ஏழா? ஓரத்தில் விட்ட இடைவெளி பன்னிரண்டா, பதினாறா? நேற்றுச் சரசரவென்று போன கை இன்று ஒவ்வொன்றுக்கும் சந்தேகப்பட்டது. நாலரைக்கே தெரிந்துவிட்டது, ஏழும் முடியாது. மூன்று முடியும், நாலு முடிந்தால் அதிசயம்.

எந்த மூன்று?

மகாத்தயா முகப்பைப் பார்ப்பார். அதிலிருந்து டாக்டர்மாரின் பட்டியலுக்குப் போவார். தன் கட்டடத்தின் படம் இருக்கும் 'எங்களைப் பற்றி' பக்கத்தைக் கட்டாயம் திறப்பார். நம்பர் எடுக்கும் பக்கம் ஐந்தாவது. கூட்டத்தில் அதைச் சிங்களத்தில் காட்டினால் போதும். முன்பக்கங்கள் அழகாக இருந்தால் தமிழ் பிழைக்கும். நம்பர் பக்கத்தை முதலில் செய்தால் அம்மாவுக்கு நல்லது. ஆனால் முகப்பு தலையில்லாமல் நின்றால், "இது வேண்டாம், பிறகு பார்ப்போம்" என்று மொத்தத் தமிழையுமே நிறுத்திவிடுவார். இதை நான் ஒரு நிமிடத்தில் யோசித்து முடித்தேன். சரியாகத்தான் யோசித்தேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். திரையைப் பார்த்து, "அந்த நம்பர் எடுக்குறது முடிஞ்சிருச்சா?" என்றார்.

"அது பொறகும்மா."

நான் சொன்ன வார்த்தை எனக்கே கேட்டது. நிமிர்ந்து பார்க்க நேரமில்லை.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது விறாந்தையில் மூச்சிரைக்க நின்று, கொப்பியின் பக்கங்களைப் படம்பிடித்து அனுப்பினேன். மூன்று பக்கத்துக்கான மாற்றங்கள். அக்கா, "ஹரி நங்கி," சரி தங்கச்சி, என்று மட்டும் பதில் போட்டார்.

திங்கட்கிழமை மகாத்தயா வந்தார். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். "தெமளத் தியெனவா நே?" என்று கேட்டார். தமிழும் இருக்கிறதுதானே என்று. நான் மொழியை மாற்றிக் காட்டினேன். முகப்பு, டாக்டர்மார், கட்டடத்தின் படம். எழுத்துகள் தலையோடு நின்றன. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. "லஸ்ஸனாய்," என்றார். அழகாக இருக்கிறதாம். அந்த வாரமே தளம் மூன்று மொழியிலும் ஏறியது.

அடுத்த நாளே நம்பர் பக்கத்தின் திருத்தங்களைச் சுத்தமாக எழுதி அக்காவிடம் கொடுத்தேன். அவர் வாங்கி மேசையில் வைத்தார். தளம் கையளித்தாயிற்று, இனித் திருத்தம் என்றால் அவர்கள் கேட்க வேண்டும், அடுத்த மாதம் ஒரு தடவை மொத்தமாகப் போடுவோம் என்றார். அதற்குள் எனக்கு ஒரு விருந்தினர் விடுதியின் தளம் வந்துவிட்டது. பிறகு ஒரு பாடசாலைப் பழைய மாணவர் சங்கம். மூன்று மாதம் முடிந்ததும் என்னை நிரந்தரமாக்கினார்கள். எழுதுவதை இப்போது விடுவதில்லை. கொப்பிகள் நிறைந்துகொண்டே போகின்றன. நம்பர் பக்கத்தைப் பற்றி இரண்டு தடவை ஞாபகப்படுத்தினேன். மூன்றாவது தடவை வாய் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை வேலை விட்டு வரும்போது பிள்ளைக் காம்பரா விறாந்தையில் அம்மாவும் சித்தியும் நின்றார்கள். சித்திக்கும் இப்போது முழங்கால் வலி. அம்மாவின் போன் இருவருக்கும் நடுவில் இருந்தது.

"பேரு போட்டாச்சு, போன் நம்பர் போட்டாச்சு," என்றார் சித்தி. "இப்ப எதைத் தட்டுறது? ஒண்ணுமே இல்லையே."

"இருக்கு. பக்கத்தப் புடிச்சு எடதுபக்கமா இழு. இன்னும் இழு. ம், வந்திருச்சு பாரு. அதான் பட்டன்."

சித்தி தட்டினார். நம்பர் பதினாலு வந்தது. என்னைக் கண்டதும், "ஏன்டி, பட்டன அங்க கொண்டுபோய் ஏன்டி ஒளிச்சு வச்சீங்க?" என்றார்.

"அடுத்த மாசம் சரி பண்ணிருவாங்க சித்தி."

"எதுக்கு?" என்றார் அம்மா, போனைச் சேலை முந்தானையில் துடைத்தபடி. "எங்களுக்கெல்லாம் பழகிருச்சு. பஸ் ஏறாம நம்பர் கெடைக்குதுல்ல, போதும்."

அவர் அதை உண்மையாகவே சொன்னார். நான் பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து மெதுவாக இறங்கினேன்.