ஒல்வென் இறங்கி உட்கார்ந்த குழி

ஒல்வென் கிட்டின்ஸுக்கு யாரையுமே பிடிக்காது என்று எங்கள் இங்கிலாந்து-வேல்ஸ் எல்லைப்புறத்தில் சொல்வார்கள். சுத்தப் பொய். அவளுக்கு ஆடுகளைப் பிடிக்கும், ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த சைடர் கள்ளைப் பிடிக்கும், தன் குத்தகை நிலத்தின் நடுவே ஓடும் மண் கரையைப் பிடிக்கும். மனுஷங்க பட்டியல்தான் கொஞ்சம் சின்னது. ஒரே பெஞ்சில் படித்த நான் அதில் இருந்தேனா என்று எனக்கே தெரியாது.

ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஆஃபா என்ற ஆங்கிலேய ராஜா வேல்ஸ்காரர்களைத் தடுக்கப் போட்ட கரை அது. பள்ளம் வேல்ஸ் பக்கம், மேடு எங்கள் இங்கிலாந்துப் பக்கம். ஒல்வென் குடும்பம் வேல்ஸிலிருந்து அதைத் தாண்டி வந்து குடியேறினது. "உங்காளுங்களைத் தடுக்கக் கட்டினதை நீயே காவல் காக்கிறியே!" என்று சைடர் கடையில் யாராவது சீண்டுவார்கள். "எங்கடா தடுத்துச்சு? இந்தப் பக்கம் உட்கார்ந்து உன் காசுல குடிச்சிட்டுதானே இருக்கேன்!" என்பாள்.

வருஷா வருஷம் பிப்ரவரியில், ஆடுகள் குட்டி போடுவதற்கு முன், பள்ளத்துச் சேற்றை வாரிக் கரைமேல் போடுவாள். அவள் வீட்டில் அது சட்டம். சேறு வயலுக்குப் போகக்கூடாது, கரைக்குத்தான் போகணும்.

வினையும் அந்தக் கரையிலேயே வந்தது. நிலத்துச் சொந்தக்காரர் ஃபெல்டன், கோழிப்பண்ணைக்கு லாரி போக அந்தக் கரையை உடைத்துப் பாதை போட நினைத்தார். மற்ற இடங்களில் கரைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. இவள் வயலில் ஓடும் துண்டு மட்டும் பழைய வரைபடத்தில் வெறும் வேலி வரப்பு என்று விட்டுப்போயிருந்தது. அது ராஜாவின் கரையா, வரப்பா என்று பார்க்க டாக்டர் ஆஷ்பி என்ற தொல்லியல்காரர் வந்தார். குறுக்கே குழி வெட்ட என் மண் தோண்டும் மெஷினைத்தான் கூப்பிட்டார்கள்.

இடுப்பளவு ஆழத்தில் செங்கல் துண்டு கிடைத்தது, புகையிலை பிடிக்கும் உடைந்த மண் புகைக்குழாய் கிடைத்தது. அதற்குக் கீழே மஞ்சள் களிமண். மூன்றாம் நாள் மத்தியானம் ஆஷ்பி கையைத் தட்டிவிட்டு எழுந்து என் பக்கம் திரும்பினார்.

"செங்கல்லும் புகைக்குழாயும் இருக்கு, அதனால இருநூறு வருஷத்து வரப்புதான். கீழே மனுஷக் கை படாத இயற்கையான களி வந்திருச்சு. எம்லின், மூடிரலாம்."

ஃபெல்டன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சோறு போடுகிற வேலையாச்சே, மெஷினைக் கிளப்பினேன்.

ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒல்வென் குழிக்குள் இறங்கிக் களிமண்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"என்மேல மண்ணைத் தள்ளு எம்லின், பார்க்கலாம்."

"அம்மா, தயவுசெஞ்சு வெளியே வாங்க," என்றார் ஆஷ்பி.

"வரமாட்டேன். நீங்க படிச்சது எங்க பாட்டன் பூட்டன் போட்ட சேத்தை. அவங்க குடிச்ச குழாய்தான் அது! ராஜா இன்னும் கீழே இருக்கான்."

"கீழே இயற்கை மண்ணும்மா. அதுல ஒண்ணும் இருக்காது."

"இயற்கையா? நாப்பது வருஷமா இந்த வயல்ல வேலிக் கம்பம் நடறேன். மேல எங்க குத்தினாலும் சிவப்பு மண்ணுதான். மஞ்சக் களி அந்தப் பள்ளத்தோட அடியில மட்டும்தான் இருக்கு. அதை இவ்வளவு மேல யார் தூக்கி வச்சா? கோழியா?"

ஆஷ்பி பள்ளத்தைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். ஃபெல்டன், "நேரமாச்சு, மூடுப்பா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நான் மெஷினை அணைத்துச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வருவது வரட்டும் என்று தோன்றிவிட்டது.

ஆஷ்பி நல்ல மனுஷன், அதைச் சொல்லித்தான் ஆகணும். காது சிவக்க மண்வெட்டியோடு இறங்கினார். முழங்கால் ஆழத்துக்குக் களி. அதன் அடியில் விரல் கனத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு. கரை போடுவதற்கு முன்னால் அங்கே வளர்ந்திருந்த புல்தரை, அப்படியே நசுங்கிக் கிடந்தது. அதிலிருந்த கரித்துண்டுகளைச் சோதித்து, ராஜா காலத்தது என்று ஆறு மாதம் கழித்துச் சொன்னார்கள். ஃபெல்டனின் பாதை அத்தோடு போச்சு.

கரைக்குப் பாதுகாப்புக் கடிதம் வந்தது. கூடவே ஒரு வரி: இனி அனுமதி இல்லாமல் அதில் மண் அள்ளவோ போடவோ கூடாது.

அடுத்த பிப்ரவரியில் அந்த வழியாகப் போனேன். பள்ளத்தில் முழங்கால் சேற்றில் நின்று வாரி வாரி மேலே வீசிக்கொண்டிருந்தாள்.

"ஏய், கடிதத்தைப் படிச்சியா இல்லையா? பிடிச்சு உள்ளே போட்டுருவாங்க!"

"படிச்சேன். இத்தனை வருஷம் இதைத் தாங்கினது கடிதமா, மண்வெட்டியா? வந்து பிடிக்கச் சொல்லு. கையில சேறோடதான் போவேன்."

கரைமேல் இன்னொரு மண்வெட்டி சாத்தியிருந்தது.

"அது யாருக்கு?"

"மெஷினை அணைச்சவனுக்கு," என்றாள், நிமிர்ந்து பார்க்காமல். நான் பூட்ஸை இழுத்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.