முன்னால் இறங்கும் பெட்டி

டக், டக்.

குளியலறைச் சுவரில் இரண்டு தட்டு விழுந்தது. பின்னாலேயே, தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக்கொண்டு கண்டக்டரின் குரல் வந்தது: "ரைட்! போலாம்!"

கட்டிலோரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவியின் ஊசி ஒரு நொடி நின்றது. பாதி ஆயுளைப் பேருந்தில் நின்றபடியே கழித்த மனிதர் அவர். வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் பல காலமாகியும் கை மட்டும் ஓய்வு பெறவில்லை. இரண்டு தட்டு தட்டினால் வண்டி கிளம்பும். ஒரு தட்டு என்றால் நிற்கும். இந்தக் கப்பலும் தன் தட்டுக்குக் கட்டுப்பட்டுத்தான் இத்தனை நாளாக ஓடுகிறது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

நாளைக் காலை கப்பல் கரையைத் தொட்டுவிடும். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

அவள் பள்ளிச் சீருடை தைப்பவள். தெருவில் அத்தனை பிள்ளைகளுக்கும் அவள்தான் டைலரம்மா. அந்தப் பெயரைச் சொல்லியே கணவரும் அவளைக் கேலியாகக் கூப்பிடுவார். சில்லறையின் கனம் தாங்காமல் அவருடைய சட்டைப் பை மாதம் ஒருமுறை கிழியும். அவளும் சளைக்காமல் இரட்டைத் துணி வைத்துத் தைத்துக் கொடுப்பாள். இரவு வீட்டுக்கு வந்து, வீங்கிய கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "ஒருநாள் நான் உக்காந்துட்டே ரொம்ப தூரம் போகணும். வேற எவனாவது என்கிட்ட வந்து டிக்கெட் கேக்கணும்."

அப்புறம் மறதி வந்தது. முதலில் சாவி மறந்தது, பிறகு தெரு, பிறகு பேரப்பிள்ளைகளின் முகம். ஒரு சாயங்காலம் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனவரைப் பணிமனையில் ஓடாத வண்டி ஒன்றுக்குள் கண்டுபிடித்தார்கள். மாடிப்படியில் தடுமாறிய அவரைத் தாங்கப் போய் அவள் மணிக்கட்டு முறிந்த அன்று, மகன் வாய் திறந்தான். "இதுக்கு மேல உன்னால முடியாதும்மா." முதியோர் இல்லத்தையும் அவனே பார்த்துவிட்டு வந்தான்.

அவள் கேட்டது ஒன்றுதான். "அதுக்கு முன்னாடி அவரை ஒரு தடவை கப்பல்ல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போய்ட்டு வந்துடறேன்டா."

இல்லத்தின் தலைமைச் செவிலி அப்போதே எச்சரித்திருந்தாள். "வாசல்ல வந்து நின்னுக்கிட்டு சொல்லாதீங்கம்மா. முன்னாடியே உங்க வாயால சொல்லிடுங்க. ஏமாத்திக் கூட்டிட்டு வந்தா, அப்புறம் உங்க முகத்தைப் பாத்தாலே மிரளுவாங்க."

சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு காலையும் எழுந்தாள். மேல்தளத்து நாற்காலியில் ராஜா மாதிரி சாய்ந்து, கடலைப் பார்த்து அவர் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்ததும் சொல்லாமலே பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். அவர் தூங்கும் வேளைகளில் கைதான் வேலை செய்தது. இல்லத்தில் துணி மாறிப்போகாமலிருக்க ஒவ்வொரு உடுப்பின் கழுத்திலும் ஒரு முகவரித் துண்டு தைத்திருக்க வேண்டுமாம். 'நிழல் இல்லம், மாடி, அறை ஒன்பது.' வெள்ளை நாடாவில் சிவப்பு நூல். சட்டை, பனியன் எல்லாவற்றிலும் தைத்துப் பெட்டியில் அடுக்கிவிட்டாள். கடைசியாக மிஞ்சியிருந்தது ஸ்வெட்டர். அதிலும் முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தாள்.

குளியலறைக் கதவு திறந்தது. "டைலரம்மா, குளுருது. அந்த ஸ்வெட்டரைக் குடு."

அவள் கையிலிருந்ததை அப்படியே நீட்டினாள். அவர் கையை நுழைத்தார். அது முழங்கைக்கு மேல் ஏற மறுத்தது.

"பாத்தியா, ஓசிச் சாப்பாடுன்னு இப்படிப் போட்டுத் தள்ளினா? கையெல்லாம் ஊதிப்போச்சு!"

கடல் காற்றுக்கென்று ஒரே கம்பளியில், ஒரே சாம்பல் நிறத்தில் இருவருக்கும் தானே பின்னிய ஸ்வெட்டர்கள். கண்ணீர் மறைத்ததில் தன்னுடையதில் போய்த் தைத்திருக்கிறாள்!

பிடுங்குவதற்குள் அவர் கழுத்துப் பட்டியை விரித்துவிட்டார். வாழ்நாளெல்லாம் பெயர்ப்பலகை படித்த கண். "நிழல் இல்லம்... மாடி... அறை ஒன்பது." நிமிர்ந்தார். "இது உன்னோடதுல்ல?"

"என்னங்க, அது வந்து..."

"உன்னை எங்கேயோ கொண்டுபோய் விடப்போறானா அவன்?" முகம் சிவந்தது. "உன் புள்ளையைத்தான் கேக்கறேன்! கை ஒடிஞ்சு போச்சுன்னா பெத்தவளைத் தூக்கி எறிஞ்சிடுவானா? வரட்டும். தோளுக்கு மேல வளந்தாலும் நாலு வைக்கிறேன்."

முறிந்து சேர்ந்த அந்த மணிக்கட்டை அவர் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். பேரப்பிள்ளைகளைக்கூட மறந்தவருக்கு அது மறக்கவில்லை.

"அழாதேடி. நான் இருக்கேன்ல? தெனமும் வருவேன். முதல் பஸ்ல வந்து உக்காந்தா கடைசி பஸ்லதான் எந்திரிப்பேன். எனக்குத்தான் பாஸ் இருக்கே, எவன் கேப்பான்?"

எவ்வளவு சுலபமாகிவிட்டது! 'ஆமாங்க, என்னைத்தான் விடப்போறாங்க, கூட வாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளை அவர் தன் காலாலேயே அந்த வாசலைத் தாண்டுவார், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே. அதன்பிறகு? கதவு பூட்டிக்கொண்டதும் அந்தக் கண்கள் தன்னைத் தேடும்.

"இல்லீங்க. அந்த ரூம் எனக்கில்ல."

"பின்ன யாருக்கு?"

"மாத்தித் தச்சுட்டேங்க. அது... உங்க ஸ்வெட்டர்ல இருக்க வேண்டியது."

அவர் ஸ்வெட்டரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"என் ஸ்டாப்பா?"

"ஆமாங்க."

"நீ இறங்கலையா?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

அவர் ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டார். "எத்தனை பேரை இறக்கி விட்டிருக்கேன்! நல்லாத் தூங்கிட்டு இருப்பாங்க. தோள்ல தட்டி, ஐயா உங்க ஸ்டாப் வந்துருச்சுன்னு சொல்வேன். ஒருத்தர்கூட என்னைத் திட்டினதில்ல, தெரியுமா?" அவள் பக்கம் திரும்பினார். "அந்த முதல் பஸ்ஸு..."

"நான் வருவேங்க. தெனமும் முதல் பஸ்ல வந்துடுவேன்."

"ஜன்னல் ஓரமா உக்காரு. படியில நிக்காதே, உனக்குத் தலை சுத்தும்." துண்டு தைத்த இடத்தை விரலால் தடவினார். "பிரிச்சு என்னோடதுல தை. வேலைன்னா ஒழுங்கா இருக்கணும்."

பிரித்தாள். கண்ணீரில் ஊசிக்காது தெரியவில்லை. அவர் ஊசியை வாங்கி, நான்கைந்து முறை தவறவிட்டு, கடைசியில் நூலைக் கோத்துக் கொடுத்தார்.

தைத்ததை அவருக்குப் போட்டுவிட்டபோது கதவு தட்டப்பட்டது. அறையைக் கவனித்துக்கொள்ளும் பணியாளர், நரைத்த மீசைக்காரர். தினமும் துண்டை யானையாக மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போவதால் கண்டக்டர் அவருக்கு வைத்த பெயர் யானைக்காரர்.

"பெட்டியெல்லாம் ரெடியா ஐயா? ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி கீழே இறக்கணும்."

"இன்னைக்கு யானை எங்கய்யா?"

"துண்டெல்லாம் சலவைக்குப் போயிருச்சு ஐயா."

"யானையும் இறங்கிருச்சா? சரிதான்."

முதலில் இறக்கும் பெட்டிக்குச் சிவப்பு அட்டை, கடைசியில் இறக்குவதற்குப் பச்சை; இல்லத்து வண்டி முன்னதாக எடுத்துப்போகட்டும் என்று அவர் பெட்டிக்கு அவள்தான் சிவப்பைக் கட்டியிருந்தாள். யானைக்காரர் அட்டைகளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "ஒரே ரூம்ல ஒண்ணு சிவப்பு, ஒண்ணு பச்சை. மாறிப்போச்சாம்மா?"

அவள் சிவப்பு அட்டையை உள்ளங்கையால் மூடினாள்.

"மாறலப்பா," என்றார் கண்டக்டர். "சிவப்பு என்னுது. முன்னாடியே இறங்குது. பச்சை கடைசி வரைக்கும் போகுது."

பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டு யானைக்காரர் வழக்கம்போல வெளியே காத்து நின்றார். இத்தனை நாளும் கண்டக்டர் கதவு நிலையில் இரண்டு தட்டு தட்டாமல் அவர் நகர்ந்ததே இல்லை. இருவருக்கும் அது ஒரு விளையாட்டு. "தட்டுங்க ஐயா. வண்டி கிளம்ப வேணாமா?"

கண்டக்டர் கையை உயர்த்தினார்.

டக்.

அடுத்த தட்டுக்காக யானைக்காரர் சிறிது நேரம் நின்றார். அது வரவில்லை. பெரியவர் பாவம் மறந்துவிட்டார் என்று நினைத்துச் சிரித்து, கும்பிட்டுவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

நிலையிலேயே நின்றுவிட்ட அந்தக் கையை மெல்லப் பற்றி இறக்கிவிட்டு, அவள் கதவைச் சாத்தினாள்.