வில்லைத் துரை

போன கிழமை டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது பூச்சி உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. அடியில் என் பழைய கம்பளிக் கோட்டு. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் கோட்டைப் போலவே வேண்டுமென்று பதுளைத் தையற்காரரிடம் நச்சரித்துத் தைத்தது. குளிருக்கு என்று வீட்டுக்கு எழுதினேன், பொய். துரையைப் போல் தோளை உயர்த்தி நடக்கக்கூடப் பழகியிருந்தேன். சிரிக்காதீர்கள், அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள்தான். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிளாக்கர் நான். எங்கள் துரை பர்மாச் சண்டையில் மெடல் வாங்கியவர். சிவப்பு நாடாவில் தொங்கும் வெள்ளைச் சிலுவை. பழைய மகாராணி காலத்தில் ஏற்படுத்தியதாம். சிறந்த சேவைக்காம், அதுவும் ஆபிசர்களுக்கு மட்டுமாம். கீழே உள்ளவன் அதே சண்டையில் அதே வீரத்தைக் காட்டினால் அவனுக்கு வேறு மெடல். சண்டையில் தான் என்ன செய்தார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. மெடலின் சரித்திரத்தை மட்டும் எனக்கு நூறு தடவை ஒப்பித்திருப்பார்.

ஒரு சுதந்திர தினத்தன்று அதைக் குத்திக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு வந்தார். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலைக்குப் பிரிக்கும் இடம் அது. அவர் இங்கிலீசில் முழங்கினார், நான் தமிழில் சொன்னேன். 'சர்விஸ்' என்ற சொல் வந்ததும் என் பண்டிதத்தனம் தலைதூக்கியது.

“துரை அவர்கள் மேலான சேவகம் செய்தமைக்காக...”

முன்வரிசையில் நின்ற கொழுந்து பறிக்கும் காத்தாயி என்னைப் பார்த்தாள்.

“ஏங்க கிளாக்கரய்யா, நம்ம தொரைய சேவகனாக்கிட்டாங்களா? வில்லையெல்லாம் குத்தியிருக்காரே.”

அரசாங்கக் கச்சேரிச் சேவகர்கள், அதாவது பியோன்கள், மார்புப் பட்டையில் பித்தளை வில்லை போட்டிருப்பார்கள். அவள் கண்ட மெடல் அது ஒன்றுதான். களம் முழுவதும் குலுங்கிச் சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று துரை கேட்டார். சந்தோஷத்தில், சேர், என்றேன். அன்றிலிருந்து அவர் வில்லைத் துரை.

அந்த வருடம்தான் பெரியசாமி பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டான். எங்கள் தோட்டத்துக் கூலியாட்களின் லயத்திலேயே பிறந்தவன். ஆனால் இந்தியாவிலிருந்து வந்த கூலியாட்களின் பிள்ளைகள் இத்தனை வருடம் இடைவெளியில்லாமல் இந்தத் தீவில் இருந்ததாகக் காட்ட வேண்டும் என்றது சட்டம். அவனுக்கு இரண்டு வருடம் இடித்தது. அந்த இரண்டு வருடமும் துரைக்குச் சோறாக்கவும் பூட்சு துடைக்கவும் பர்மாவில் இருந்தான்.

“தொரை வில்லை வாங்குன ரெண்டு வருசமும் நாந்தாங்க கூட இருந்தேன். அத எழுதிக் குடுக்கச் சொல்லுங்கய்யா. இல்லாட்டி இந்தியாவுக்கு ஏத்திருவாங்க. அங்க எனக்கு யாருங்க இருக்கா?”

துரையிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் பட்டாளத்தில் இல்லை, வெறும் வேலைக்காரன், பட்டாளத்தை இதில் இழுக்காதே என்றார். பிறகு பிரஜாவுரிமை அதிகாரிக்கு அனுப்ப, நான் எழுதிக்கொள்ளக் கடிதம் சொன்னார். இரண்டு வருடம் இவன் தோட்டத்தில் இல்லை, அவ்வளவுதான். எங்கே இருந்தான், யாரோடு இருந்தான் என்று ஒரு சொல் கிடையாது. தன் மார்பில் தொங்கிய அதே இரண்டு வருடத்தை வைத்து அந்த ஆள் அவன் கழுத்தை அறுத்தார். நான் பிழையில்லாமல் டைப் அடித்தேன். என் டைப்பைத் துரை எப்போதும் மெச்சுவார்.

மனு தள்ளுபடியாயிற்று. இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போக அவனையும் பெண்சாதி பிள்ளைகளையும் பதுளை ஸ்டேசனில் ரயிலேற்றினார்கள். நான் அந்தக் கோட்டோடுதான் போயிருந்தேன். ஏதோ மன்னிப்புப் போல முணுமுணுத்தேன்.

“விடுங்கய்யா. நீங்க என்னா செய்வீங்க? நீங்களும் சேவகந்தானே” என்றான். குத்தலாகச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னான்.

சில வருடத்தில் துரை மெடலோடு சீமைக்குக் கப்பலேறினார். பெரியசாமியின் லயத்தை இடித்துத் தேயிலை நட்டுவிட்டார்கள். காத்தாயியும் இல்லை. வில்லைத் துரை என்றால் இன்று அந்தத் தோட்டத்தில் ஒருவருக்கும் விளங்காது.

கோட்டை உதறிப் போட்டுப் பார்த்தேன். இன்னும் எனக்கு அளவாகத்தான் இருக்கிறது.